கேமராவில் டல்லாகத் தெரியும்

டல்லாத் தெரியும் என்றாள். டல்லாக இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, தெரியும் என்றாள், அதுவும் கேமராவில் என்றாள், ஆகக் குற்றமெல்லாம் கேமராவுடையது, நான் வருத்தப்பட இடமே இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க கோமளா மிஸ், கேமராவுல கொஞ்சம் டல்லாத் தெரியும், அவ்ளோதான். எக்ஸாம் ஹாலுக்கும் நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேணுமில்லையா?" காலையில் மாடிப்படியில் வைத்துச் சொன்னாள் தாரிணி மேடம். கரஸ்பாண்டன்ட்டின் மருமகள், போன வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதவள், இப்போது அட்மிஷன், விளம்பரம், யூனிஃபார்ம், எங்கள் சேலை, எல்லாம் அவள்தான். மற்ற டீச்சர்கள் எல்லாரும் போட்டோவுக்காகப் புதுச்சேலை சரசரக்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அதே சேலைதான், அதே மயில்கழுத்து நிறம், இறங்குவதற்காக ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்திருந்தேன். வைத்த காலைத் திருப்பி மேலே எடுப்பது எவ்வளவு சங்கடம். யாரும் பார்க்காத மாதிரி இறங்கினார்கள். பார்க்காத மாதிரி இறங்குகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டவர்கள்தான். "சரிங்க மேடம்," என்றேன், சிரித்தேன் வேறு. அந்தச் சிரிப்பு எதற்கு வந்தது? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, டல் என்று சொன்னதைக்கூட விட்டுவிடலாம். பள்ளிக்கூடத்தில் டல் என்று நாங்கள் யாரைச் சொல்வோம், படிக்காத பிள்ளையைச் சொல்வோம், டல் ஸ்டூடண்ட் என்று, அவள் அம்மாவைக் கூப்பிட்டு வைத்து அவள் முன்னாலேயே சொல்வோம், அந்தப் பிள்ளையும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்கும்.

விசிறி கிறீச் கிறீச் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் குனிந்து கணக்குப் பரீட்சை எழுதுகிறார்கள், திருப்புதல் தேர்வு, ஆண்பிள்ளைகளுக்குப் பக்கத்து ஹால். நான் பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கிறேன். புதுச்சேலையின் கஞ்சி இன்னும் போகவில்லை, நடந்தால் சத்தம் வருகிறது, பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், அதனால் நின்றுவிடுகிறேன். இந்த ரவிக்கைக்காக டெய்லர் கடைக்கு எத்தனை நடை. கை கொஞ்சம் இறுக்கம், பிரித்துத் தாருங்கள் என்றேன், "இப்பல்லாம் இப்படித்தாங்க்கா போடறாங்க, வயசு கொறச்சுக் காட்டும்," என்றான், நானும் சரி என்று வாங்கி வந்தேன். வயது குறைத்துக் காட்டட்டுமே, ஒரு நாள்தானே, ஒரு போட்டோதானே. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய போர்டு வைப்பார்களாம், அதில் ஆசிரியைகள் எல்லாரும் வரிசையாக நிற்போமாம். ராத்திரி படுக்கும்போதே எந்தப் பக்கம் திரும்பி நின்றால் கன்னம் தெரியாது என்று யோசித்தேன். எனக்குக் கன்னத்தில் மங்கு, கருந்திட்டாக. இரண்டு கன்னத்திலும், மூக்குத்தண்டில் கொஞ்சம், சின்னவள் பிறந்தபோது வந்தது, போகவில்லை. காலையில் மூத்த மகள் காலேஜுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் உட்கார வைத்து ஏதோ பூசிவிட்டாள், தன் லிப்ஸ்டிக்கை லேசாக இழுத்துவிட்டாள். "அம்மா, வாயை ஒட்டு. இப்பப் பாரு, ஹீரோயின் மாதிரி இருக்க." அவளுக்கு என் மேல் பிரியம்தான். பிரியத்தினால்தான் என் போட்டோவை எடுத்து வாட்ஸப்பில் வைக்கும்போது ஏதோ செய்து மங்கையெல்லாம் துடைத்துவிட்டாள். யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அதை மாற்று என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, இன்றைக்கும் அதுதான் இருக்கிறது, அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கே பிடித்திருக்கிறது, வெட்கக்கேடு. மாடிப்படியிலிருந்து திரும்பியதும் நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கர்ச்சீப்பை நனைத்து உதட்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க சுற்றிலும் பரவியது. இப்போதும் ஓரத்தில் இருக்குமோ என்னவோ. நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன், மெழுகு மாதிரி ஒரு ருசி.

இந்தப் பிள்ளைகளின் உச்சந்தலைகளைப் பார்க்கிறேன், எல்லாம் ஒன்றுபோல எண்ணெய் வைத்து நடுவில் வகிடெடுத்து, இரட்டைச் சடை மடித்துக் கட்டி, கறுப்பு ரிப்பன். பொட்டு கடுகளவு. மை கூடாது, பவுடர் திட்டாகத் தெரியக்கூடாது, நகம் கூடாது, கம்மல் தொங்கக் கூடாது, முடி நெற்றியில் விழக்கூடாது, புருவம் எடுக்கக் கூடாது. இந்த விதிகளை எல்லாம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவர்களில் நானும் உண்டு, வருஷா வருஷம் ஜூனில் படிக்கிறோம். பிள்ளைகள் அழகாக வந்தால் கவனம் சிதறும், டீச்சர்கள் அழகாக வராவிட்டால் அட்மிஷன் சிதறும். யாருடைய கவனம், எங்கே சிதறும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இன்று காலை பிரேயரில் விளையாட்டு டீச்சர், பி.இ.டி. மிஸ், வரிசைக்குள் புகுந்து பன்னிரண்டாம் வகுப்பு மிதுனாவின் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். எல்லாருக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "பரீட்சை எழுத வந்தியா, பொண்ணு பாக்க வர்றாங்கன்னு வந்தியா? இதென்ன புருவம்? நூல் போட்டயா?" மிதுனா புருவத்தைக் கையால் மறைத்தாள். "சொல்லு, நூல் போட்டயா இல்லியா?" "சித்தி கல்யாணம் மிஸ்." "சித்திக்குக் கல்யாணம்னா உனக்கெதுக்கு?" ஒரு சிரிப்பு அலையாக வரிசை முழுக்கப் போனது. பிரேயர் முடியும் வரைக்கும் அந்தப் பிள்ளை வெயிலில் தனியாக நின்றது. நாங்கள் டீச்சர்கள் எல்லாரும் புதுச்சேலையில், புதிதாகச் சீர் செய்த புருவங்களோடு, எதிர் வரிசையில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். பி.இ.டி. மிஸ்ஸின் புருவம்தான் எல்லாரையும் விடக் கச்சிதம். அதை எடுத்துவிடுவதே மிதுனாவின் அம்மாதான், ஊருக்கே தெரியும்.

செல்வராணி. டவுனில் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடியும் சாய்கிற நாற்காலியும் போட்டுப் பார்லர் வைத்திருக்கிறாள். மங்குக்கு என்று நானும் ஒரு தடவை போயிருக்கிறேன், வெட்கப்பட்டு, முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, யாராவது பேரண்ட் பார்த்துவிடுவார்களோ என்று. அவள் என்னை உட்கார வைத்து விரலால் கன்னத்தைத் தொட்டாள். முகத்தை வேறொருத்தர் தொட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது, சம்பந்தமே இல்லாமல் கண்ணில் நீர் முட்டியது. "இது க்ரீமுக்குப் போகாதுங்க மிஸ். ஃபேசியல் பண்ணா ரெண்டு நாளைக்குப் பளிச்சுனு இருக்கும், அப்பறம் அதே கததான். வெயில்ல நிக்காதீங்க, அது ஒண்ணுதான்." வெயிலில் நிற்காமல் பள்ளிக்கூடத்தில் எப்படி இருப்பது, பிரேயர் வெயிலில், பஸ் டியூட்டி வெயிலில், விளையாட்டு விழா வெயிலில். ஆனாலும் அவள் சொன்னது நிம்மதியாக இருந்தது, போகாது என்று ஒருத்தி சொல்லிவிட்டாளே. எழுந்து வரும்போது, "எங்க மிதுனா படிப்புல எப்படிங்க மிஸ்?" என்றாள். சுமார் என்றேன், சுமாரும் இல்லை. "அவளுக்கு மேக்கப்புல நல்ல கை வருதுங்க, நாந்தான் டிகிரி முடிச்சுட்டு அப்பறம் பாத்துக்கலாமுன்னு சொல்லியிருக்கேன்." தன் மகளை ஆசையாக உட்கார வைத்து, அதே விரலால் இழுத்துப் பிடித்து, வலிக்குதா கண்ணு, இன்னும் கொஞ்சந்தான் என்று சொல்லிக்கொண்டே அந்தப் புருவத்தை எடுத்திருப்பாள். அந்தப் புருவத்தைத்தான் இவர்கள் பிரேயரில் தூக்கிக் காட்டினார்கள். நான் போய் விடுங்க மிஸ் என்று சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குப் போட்டோ ஞாபகம், கன்னம் எந்தப் பக்கம் என்கிற ஞாபகம். மிதுனா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதவில்லை. கேள்வித்தாளின் ஓரத்தில் ஒரு கண் வரைந்துகொண்டிருக்கிறாள், இமையெல்லாம் வைத்து, அழகாக.

ஜன்னல் வழியாகப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கடைசிப் பெஞ்சுக்குப் போனதும் கழுத்து தானாகத் திரும்புகிறது. மைதானத்தில் வேப்பமரத்தடியில் வெள்ளைக் குடை விரித்து வைத்திருக்கிறார்கள், ஒருத்தன் பளபளப்பான தட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலை அவர்கள் முகத்தில் திருப்பி அடிக்கிறான். டீச்சர்கள் கையைக் கட்டுகிறார்கள், அவிழ்க்கிறார்கள், எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். நான் இல்லாததால் ஏதாவது இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. நெருங்கி நின்றுவிட்டார்கள். வாசலில் நிழல் ஆடுகிறது, திரும்பினால் ஷெரின் மிஸ். ஜூனில் சேர்ந்தவள், இங்கிலீஷ், நாகர்கோவில் பக்கம், சின்னப் பெண், வெள்ளையாக ஒல்லியாக இருப்பாள், நல்ல மாதிரி. முகத்தில் அப்பியிருக்கிற பூச்சு கழுத்தோடு நின்றுவிட்டது. "மிஸ், உங்க கெமிஸ்ட்ரி லேப் சாவி தருவீங்களா? லேப்ல வச்சு ஒரு போட்டோ வேணுமாம்." சாவியை எடுத்து நீட்டினேன். போகாமல் நின்றாள். "ஏதாவது கலரா வேணுமாம் மிஸ். ரோஸ் கலர்ல. சேலைக்கு எடுப்பா இருக்குமாம்." "யாரு நிக்கறது லேப்ல?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன். "நான்தான் மிஸ்," என்றாள், குரல் உள்ளே போய்விட்டது. "சத்தியமா எனக்கே ஒரு மாதிரி இருக்கு மிஸ். நான் ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரி பார்டர் பாஸ்." எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், உஷ் என்றேன். ஜன்னலோரத்து ரேக்கில் ஃபினால்ஃப்தலீன் என்று எழுதிய சின்னப் பாட்டில் இருக்கும், சோப்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு விடு, ரோஸ் வந்துவிடும், வேறு எதையும் தொடாதே என்றேன். "டெஸ்ட் ட்யூபை எப்படிப் பிடிக்கணும் மிஸ்?" கையைப் பிடித்துக் காட்டினேன், வாய்ப்பக்கத்துக்குக் கொஞ்சம் கீழே, முகத்துக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. "ஆனா முகத்துக்குப் பக்கத்துலதான் வேணும்னு கேமராக்காரர் சொல்றார் மிஸ்," என்றாள். "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, வயிறு தெரியுதுன்னு மேடம் சொன்னாங்க." அவளுக்கு எங்கே வயிறு. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் மேல் கோபப்பட முடிந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டு போர்டில் கெமிஸ்ட்ரியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் என்று என் பிள்ளைகளைப் போடுவார்கள், பக்கத்தில் ஷெரின் ரோஸ் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் தினமும் அந்தப் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்குகிறேன். என் வீட்டுக்காரர் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வேலைக்குச் சேர வந்தபோது கரஸ்பாண்டன்ட், இந்தத் தாரிணியின் மாமனார், என்னைப் பார்த்ததும் திருப்தியாகத் தலையாட்டியது ஞாபகம் வருகிறது. சர்ட்டிஃபிகேட்டைத் திறக்கக்கூட இல்லை. "நம்ம ஸ்கூலுக்கு இந்த மாதிரி அடக்கமா இருக்கறவங்கதாம்மா வேணும். நேத்து ஒரு பொண்ணு வந்துச்சு, ஆளு பளபளன்னு, வேண்டாமுன்னுட்டேன், பெரிய பசங்க படிக்கற எடம்." எனக்கு வேலை கிடைத்த சந்தோஷம், அதில் என்ன சொன்னார் என்பது உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னேன்கூட. அன்றைக்கு அழகாக இல்லை என்பதற்காக எடுத்தார்கள், இன்றைக்கு அழகாக இல்லை என்பதற்காக நகர்த்துகிறார்கள், நடுவில் நான் நடத்திய பாடமெல்லாம் எங்கே போயிற்று. போன மே மாதம் தமிழ் மிஸ் சுலோசனாவைக் கிராமத்துக் கிளைக்கு மாற்றினார்கள், உங்களுக்கு அங்கதான் அமைதியா இருக்கும் என்று. இரண்டு பஸ் மாறிப் போகிறாள். முடி நரைத்துவிட்டது, பல் கொஞ்சம் முன்னால், வேறு குற்றம் இல்லை. எனக்கு டை ஒத்துக்கொள்ளாது, ஒரு தடவை போட்டு முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வகிட்டில் வெள்ளை தெரிகிறது, சீப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் பார்க்கிறேன். சின்னவளுக்கு இன்னும் படிப்பு இருக்கிறது. இந்த மே மாதம் யார்? நானாக இருக்காது, என் ரிசல்ட் இருக்கிறது. சுலோசனாவுக்கும் ரிசல்ட் இருந்தது. டல்லாத் தெரியும். நம்பிக்கையான ஆள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாளே, யோசித்து வைத்துக்கொண்டு வந்திருப்பாளோ.

"மிஸ்சுங்க." வாசலில் ஆயா அத்தாயி, ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. "மேடம் ஒரு புள்ளைய அனுப்பச் சொன்னாங்க. போட்டோக்கு." "எந்தப் பிள்ளை?" "காலைல முன்னால நிக்க வெச்சாங்கல்லங்க, புருவத்துக்கு. அந்தப் புள்ளைய. பி.இ.டி. மிஸ்சுதான் சொன்னாங்க, அந்தப் புள்ளதான் லட்சணமா இருக்கும், மெடலு போட்டு நிக்க வெச்சா எடுப்பா இருக்குமுன்னு." எனக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் காது சூடாகிவிட்டது. பரீட்சை நடக்கிறதே என்றேன். "பேப்பரு நாளைக்கு எழுதிக்கலாமாம்ங்க." ஹால் முழுக்கப் பேனாக்கள் நின்றுவிட்டன. மிதுனா எழுந்து நின்றாள், அவள் பெயரை யாரும் சொல்லவில்லை, ஆனால் புருவம் என்றால் அவள்தானே. "எதுக்கு மிஸ்?" "போட்டோ எடுக்கறாங்களாம். பஸ் ஸ்டாண்டுல வெக்கற போர்டுக்கு." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, நான் பார்த்தேன், மறைக்கத் தெரியாத வயசு, கை தானாக நெற்றிக்குப் போய் ரிப்பனுக்குப் போய்ச் சட்டைக் காலருக்குப் போனது. இன்று காலை கண்ணாடி முன்னால் என் கை போன அதே வழி. போகட்டும் என்று நினைத்தேன். வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பதில் ஒரு நாளாவது நன்றாக இருக்கிறாய் என்று ஒருத்தர் கூப்பிட்டால் போகட்டுமே. அவள் பெஞ்சை விட்டு ஒரு அடி வெளியே வந்தாள். வந்தவள் நின்றாள். "பி.இ.டி. மிஸ்சா சொன்னாங்க?" என்று ஆயாவைக் கேட்டாள். "ஆமா சாமி." திரும்பிப் போய் உட்கார்ந்தாள். "நான் வரல." "அட என்ற கண்ணு, பெரியவங்க கூப்பட்டாப் போவோணுமில்ல?" "வரல. எனக்குப் பரீட்சை இருக்குது." யாரோ பின்னாலிருந்து கிளுக்கென்று சிரித்தார்கள், அவள் என்ன எழுதுவாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் பேனாவை எடுத்துத் தாளில் வைத்துக் குனிந்துகொண்டாள். அத்தாயி என்னைப் பார்த்தாள். "நான் அனுப்ப மாட்டேன்னுட்டேன்னு சொல்லுங்க அத்தாயக்கா. பிள்ளை சொன்னதைச் சொல்லாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்ன பிறகு பயம் வந்தது. எப்போதும் பிறகுதான் வரும். திருப்பிக் கூப்பிடலாமா, ஆயா இன்னும் வராந்தா தாண்டியிருக்க மாட்டாள், மிதுனாவே வரமாட்டேன் என்கிறாள் மேடம், நான் என்ன செய்வது என்று சொல்லிவிடலாம், உண்மையும் அதுதானே. அந்த உண்மையைச் சொல்லிவிட்டால் மறுபடி பிரேயரில் நிற்கப்போவது அவள். கால் வாசல் வரைக்கும் போயிற்று, திரும்பி வந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. தாரிணி மேடம் அவளே வந்துவிட்டாள், என்ன வாசனை, வெயிலில் நின்றும் ஒரு முடி கலையவில்லை. "என்ன மிஸ், ஒரு அஞ்சு நிமிஷ வேலை." "பரீட்சை எழுதற பிள்ளையை எழுப்ப முடியாதுங்க மேடம்." "அவ என்ன ஸ்டேட் ஃபர்ஸ்டா வரப்போறா? அவ வரலேன்னாளா, நீங்க விடலையா?" "நான்தாங்க." மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பார்வை உதட்டோரத்தில் நின்றது, ஐயோ, லிப்ஸ்டிக் பிசிறு இருக்கிறது போல. பிறகு ஹாலைப் பார்த்தாள், முதல் பெஞ்சிலிருந்து வரிசையாக, ஒவ்வொரு முகமாக. பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள், சிலர் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சில் கலைமொழி. வகுப்பில் முதல் மார்க் எப்போதும் அவள்தான், கறுப்பு, முகமெல்லாம் பரு, பல்லில் கம்பி. மேடத்தின் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று, நிற்கவே இல்லை. மெடல் வாங்கியவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், மெடல் போட ஆள் தேடுகிறார்கள். கலைமொழி அதைப் பார்த்தாள், குனிந்து மறுபடி எழுதத் தொடங்கினாள், வேகமாக, பேனா தாளைக் கிழித்துவிடும் போல. "பரவால்ல மிஸ், லெவன்த்ல ஒரு பொண்ணு இருக்கா," என்றாள் மேடம். "எக்ஸாம் முடிஞ்சதும் என் ரூமுக்கு வந்துட்டுப் போங்க." கோபமே இல்லை. சுலோசனாவையும் இப்படித்தான் ரூமுக்கு வரச் சொன்னாள், டீ வாங்கிக் கொடுத்துப் பேசினாளாம்.

கொஞ்ச நேரத்தில் கீழே மரத்தடியில் ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள், யாரென்று எனக்குப் பெயர் தெரியாது, கழுத்தில் மெடல். பி.இ.டி. மிஸ் தன் கைப்பையிலிருந்து பென்சில் எடுத்து அந்தப் பெண்ணின் புருவத்தில் தீட்டினாள், ஷெரின் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றாள். சிரி, சிரி என்று யாரோ கத்துவது மாடி வரைக்கும் கேட்டது. அவ்வளவுதான், நாங்கள் இங்கே மாட்டேன் என்று சொன்னதற்கு அங்கே ஒரு மாற்றமும் இல்லை. ஏதோ நிற்கும், ஏதோ தடைப்படும் என்றா நினைத்தேன்? நினைத்தேன் போலிருக்கிறது. இல்லையென்றால் இந்த ஏமாற்றம் ஏன். மணி அடித்தது. தாள்களை வாங்கிக்கொண்டு போனேன். கலைமொழி கூடுதல் தாள்களை நூலில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மிதுனாவின் தாளில் பெயர், எண், முதல் கேள்வியின் பாதி. எல்லாரும் போன பிறகும் அவள் பென்சில் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள். "மிஸ், பஸ் ஸ்டாண்டுலயா வெப்பாங்க, நெசமாவே?" "ம்." "எங்கம்மா தெனமும் அது வழியாத்தான் போவாங்க." டப்பாவை மறுபடி மூடிக்கொண்டே, "நான் போயிருக்கலாமா மிஸ்?" என்றாள். நீ செய்ததுதான் சரி என்று சொல்ல ஒரு டீச்சருக்கு எவ்வளவு நேரம் ஆகும், அந்த வாக்கியம் வாயில் தயாராகவே இருந்தது, ஆனால் எனக்கே தெரியாதே, மேடத்தின் ரூமுக்குப் போகப்போகிற எனக்குத் தெரியாதே. அவள் முகத்தைப் பார்த்தேன், முதல் தடவையாக நிதானமாக, விதி எதையும் தேடாமல். எவ்வளவு களையான முகம். காலையிலிருந்து இந்த முகத்தைத் தூக்கித் திட்டினார்கள், பிறகு கேட்டு ஆள் அனுப்பினார்கள், நன்றாக இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் இவளிடம் சொல்லவில்லை. "புருவம் ரொம்ப அழகா இருக்குது மிதுனா," என்றேன். "அம்மா நல்லாப் பண்ணியிருக்காங்க." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் இருந்தது எல்லாம் அணைந்து, காலையில் பிரேயரில் நின்ற முகம் திரும்பி வந்துவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சாரி மிஸ்," என்றாள். "இனிமே பண்ண மாட்டேன் மிஸ்." நான் கிண்டல் பண்ணவில்லை என்று சொல்வதற்குள், குனிந்த தலை நிமிராமல், வராந்தாவைத் தாண்டிப் படியில் இறங்கிவிட்டாள்.